செவ்வாய்க்கிழமை முட்டை ஓடுகள்

டிசம்பர் 9, திங்கள்

பல வருடங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இன்று காலையிலிருந்து காதைக் குடைகிறது. குடிமையியல் பாடம். விதி எல்லோருக்கும் சமம் என்பதற்கு எடுத்துக்காட்டாக, "இந்த வகுப்பில் யாரும் சாப்பிடக் கூடாது. கலெக்டர் மகளாக இருந்தாலும் இதே விதிதான்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "பசிக்காதவங்களுக்கு எதுக்கு டீச்சர் அந்த ரூலு?" வகுப்பே சிரித்தது. உட்காரச் சொன்னேன். 

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் தண்டபாணி. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர், விளையாட்டு மன்றச் செயலாளர். விதிப் புத்தகம் இல்லாமல் காபி கூடக் குடிக்க மாட்டார் என்று பெயர். மன்றத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டுமாம். அந்த இடம் ஜூனிலிருந்து காலியாம். வேலூரில் என்னை விட்டால் ஓய்வு பெற்றவர்களே இல்லையா என்று கேட்டேன். "உங்களை மாதிரி நேர்மையானவங்க வேணும் டீச்சர்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் வேலையே ஒரு விசாரணை. மோனிஷா என்று ஒரு பெண், பளு தூக்குபவள், விளையாட்டு ஒதுக்கீட்டில் படிக்கிறாள். படிப்புக்கும் விடுதிக்கும் கட்டணம் இல்லை. அதற்குப் பதிலாக வெளியார் யாரிடமும் பணமோ பொருளோ உணவோ வாங்கக் கூடாது. விடுதி மெஸ்ஸில் முட்டை புதன்கிழமை மட்டும். போன செவ்வாய்க்கிழமை அவள் அறைக் குப்பைத் தொட்டியில் முட்டை ஓடுகள் கிடந்ததாக மெஸ் மேனேஜர் புகார் செய்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஓடு என்றால் வெளியார் முட்டை. நிரூபணமானால் சீட் போய்விடும். அவள் சொந்த ஊர் பேர்ணாம்பட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜனவரியில் பல்கலைக்கழகப் போட்டியும் இருக்கிறது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். விடியற்காலையில் நம் தெருவில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அது உண்மை.

டிசம்பர் 10, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன். அன்வர் பாய் கடையில் முட்டை.

"இன்னா டீச்சர், வூட்ல ரெண்டே பேரு. சாரு முட்டைய தொடவே மாட்டாரு. ஒரு அட்டை முட்டை எப்பிடி காலியாவுது?" என்றார் அன்வர்.

தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறேன், முடி கொட்டுகிறது என்றேன். என் தலையை ஒரு முறை பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல வியாபாரி.

இவர், அதாவது என் கணவர் ஏகாம்பரம், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்று கவனிக்கிற பழக்கம் அவரை விடவில்லை. பால்காரர் ஆறரை மணிக்குத்தானே வருகிறார், பால் பையை ஏன் ஐந்து மணிக்கே கேட்டில் மாட்டுகிறாய் என்று கேட்டார். துவைத்த பை, காயட்டும் என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

விசாரணை. தண்டபாணி, உடற்கல்வி இயக்குநர் ஷகிலா, நான். மெஸ் மேனேஜர் ஓடுகளைப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். கொலை வழக்கு போல இருந்தது. நாற்றமும் இருந்தது.

மோனிஷா உள்ளே வந்தாள். கிட்டத்தில் பார்க்கும்போது இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. நான் உடனே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முட்டை சாப்பிட்டாயா என்று கேட்டார் தண்டபாணி. சாப்பிட்டேன் என்றாள். யார் கொடுத்தார்கள்?

"அத்த மட்டும் சொல்ல மாட்டேன் சார்."

"சொன்னா உனக்கு நல்லது."

"குடுத்தவங்களுக்கு நல்லதில்லியே சார். என் சீட்டு வேணா போட்டும்."

எனக்கு இருமல் வந்துவிட்டது. ஷகிலா தண்ணீர் கொடுத்தார்.

இந்த விதி எதற்கு என்று நான் கேட்டேன். கேட்கிற உரிமை உறுப்பினருக்கு உண்டுதானே. தண்டபாணி பொறுமையாகவே சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் மனை விற்பவர் ஒருவர் இந்தக் கல்லூரி வாலிபால் பையன்களுக்கு முதலில் ஷூ வாங்கிக் கொடுத்தார், பிறகு பிரியாணி, பிறகு பைக். ஒரு நாள் மொத்த அணியையும் தன் மைத்துனர் நடத்தும் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே முழங்கால் போன பையனை அடுத்த மாதமே கழற்றி விட்டார்களாம். அவன் இப்போது இரண்டு கல்லூரியிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விதி.

காரணம் இல்லாத விதி இல்லை என்று அப்போது ஒப்புக்கொண்டேன். ஆனாலும் எடுத்துக்காட்டு சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. இதே கல்லூரியில் இசை படிக்கிற பெண் கல்யாணக் கச்சேரி பாடிச் சம்பளம் வாங்குகிறாள். கணக்கில் முதலாவதாக வந்த பையனுக்கு நகைக்கடைக்காரர் மேடையில் தங்கக் காசு கொடுத்தார். நாமெல்லாம் கை தட்டினோம். இந்தப் பெண்ணுக்கு ஒரு முட்டை கொடுத்தால் மட்டும் விசாரணையா?

"பாடறவங்களை யாரும் பாதி வருஷத்துல தூக்கிட்டுப் போறதில்ல டீச்சர்" என்றார். அதுவும் சரிதான். வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதே பக்கத்தின் அடியில் ஒரு வரி: வழிபாட்டுத் தலங்களிலும் விழாக்களிலும் பொதுவாக வழங்கப்படும் உணவு இதில் சேராது.

அடுத்த விசாரணை ஜனவரி 3. எழுந்திருக்கும்போது தண்டபாணி பொதுவாகச் சொன்னார்: "அதுவரைக்கும் எல்லாரும் அவங்கவங்க வழக்கம் போல இருங்க." சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தார். எச்சரிக்கை என்று புரிந்துகொண்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இன்று பால் பையை ஆறரைக்கு மாட்டினேன். "காய்ஞ்சிடுச்சா?" என்றார் இவர்.

டிசம்பர் 15, ஞாயிறு

நாளை மார்கழி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். நிர்வாகி பரமசிவம் மாதம் முழுவதும் விடியற்காலையில் வெண்பொங்கல் கொடுப்பார். பொங்கல் என்று பெயரே தவிர, போன வருடம் அதில் நெய்யைத் தேட வேண்டியிருந்தது.

பளு தூக்குகிற ஒரு பெண் இந்த வழியாகத்தான் ஓடுகிறாள், விடுதிச் சாப்பாடு அவளுக்குப் போதாது, கோயில் பிரசாதத்தை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது என்று பொதுவான தகவலாகச் சொல்லி வைத்தேன். அவர் யோசித்தார்.

"தொன்னைல குடுக்கறதா, தூக்குல குடுக்கறதா?" என்றார்.

அது நிர்வாகியின் முடிவு என்றேன்.

அன்வர் பாயிடமும் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் வியாழக்கிழமைகளில் தர்காவில் பாத்தியா ஓதி எல்லோருக்கும் நெய்ச்சோறு போடுகிறவர். "பாத்தியாவுக்கு முட்டை வெக்கிற வழக்கம் இல்லியே டீச்சர்" என்று வருத்தப்பட்டார். நெய்ச்சோறும் தால்சாவும் போதும் என்றேன். "முடி கொட்றது நின்னுச்சா?" என்று கேட்டார். அடுத்த வாடிக்கையாளர் வந்தது நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 17, செவ்வாய்

பொங்கல் பிரமாதம். நெய் முழங்கை வரை வழிந்தது. தெருவில் இத்தனை பக்தர்களை நான் பார்த்ததில்லை. மோனிஷா ஓடி வந்தாள். பரமசிவம் கூட்டத்தை விலக்கி, "வாம்மா, சாமி உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கு" என்று ஒரு தூக்கை நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் பொங்கல், மதியம் தர்காவில் நெய்ச்சோறு. மனம் நிறைவாக இருக்கிறது. விதியை மீறாமல் விதியைத் தாண்டுவது எப்படி என்று குடிமையியலில் ஒரு பாடம் சேர்க்கலாம்.

டிசம்பர் 24, செவ்வாய்

கீரை ஆய்ந்தேன். குழாய் ஒழுகுகிறது, ஆள் வரவில்லை. சர்ச்சிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்களிடம் இந்தப் பண்டிகையில் பலகாரம் பொதுவாக வழங்குவீர்கள்தானே என்று கேட்டேன். மகளிர் விடுதிக்கு ஒரு டின் கல்கலாவும் ஒரு பெரிய கேக்கும் போயிருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

ஷகிலா வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"டீச்சர், யாரு இந்தத் தெருவுல பிரசாத வேலை பாக்கறது?"

நான் காபி போடப் போனேன். சமையலறை வரை பின்னாலேயே வந்தார். மோனிஷாவை இன்று எடை பார்த்தாராம். அவள் போட்டியிடும் எடைப் பிரிவை ஒன்றரை கிலோ தாண்டிவிட்டாள். போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. பளு தூக்குபவர்களைக் குத்துச்சண்டைக்காரர்களைப் போல முதலில் தராசில் நிறுத்துவார்கள், தாண்டியிருந்தால் மேடையே கிடையாது என்ற விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். இதைப் பரமசிவத்துக்கு யார் சொல்வது?

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டாராம் ஷகிலா. சாமி கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் அம்மா அடிக்கும் என்றாளாம். தர்காவிலும் அதே, சர்ச்சிலும் அதே. மூன்று மதமும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் தின்ன வைத்திருக்கின்றன.

"நெய்யும் சோறும் வயித்துக்குப் போச்சு டீச்சர், தசைக்குப் போகல. முன்னாடி தினம் ரெண்டு முட்டை எங்கயோ கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் அவ தூக்கற எடை ஏறுச்சு. அந்தப் புண்ணியவதி யாரோ, ஏன் நிறுத்தினாங்கன்னு தெரியல."

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்காமல் குடித்தார்.

இரண்டு வழி இருக்கிறதாம். பட்டினி போட்டு உடம்பை இறக்குவது ஒன்று. மேல் எடைப் பிரிவில் தூக்குவது இன்னொன்று. அந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுத்த சீனியருக்குக் கல்யாணம் நிச்சயமாகி இடம் காலியாக இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோரும் இவளைவிடக் கனமானவர்கள், இவள் தூக்குகிற எடை அங்கே போதாது.

மோனிஷா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"'ஏறுனது ஏறுனதாவே இருக்கட்டும் மேடம், மேலயே தூக்கறேன்'னு சொல்லுது. அதுக்கு முதல்ல சீட்டு இருக்கணுமே."

இவர் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஷகிலா போன பிறகு செய்தித்தாளை மடிக்காமலே சொன்னார்: "தலைக்குத் தேய்க்கறதை நிறுத்தியிருக்கக் கூடாது."

டிசம்பர் 31, செவ்வாய்

பரமசிவத்திடம் சொன்னேன். தொன்னைக்கு மாறிவிட்டார். பாவம், முகம் வாடிவிட்டது. பால் பையை ஐந்து மணிக்கு மாட்டினேன். முட்டை ஓடுகள் எங்கள் வீட்டுக் குப்பையில் கிடக்கின்றன.

ஜனவரி 3, வெள்ளி

போகும்போதே முடிவு செய்துகொண்டு போனேன். பொய் சொல்வதில்லை என்று.

கல்லூரி வாசலில் புதிய பேனர். மாணவர் சேர்க்கை ஆரம்பம். நடுவில் மோனிஷா, தலைக்கு மேல் பளுவைத் தூக்கியபடி, இரண்டு ஆள் உயரத்துக்கு. அதற்கடியில் நிஜ மோனிஷா சுவரோரமாக விசாரணைக்குக் காத்திருந்தாள்.

மெஸ் மேனேஜர் இன்று பை எதுவும் கொண்டுவரவில்லை. விசாரணை ஆரம்பித்த மறுநாளிலிருந்து செவ்வாய்க்கிழமை ஓடுகள் நின்றுவிட்டன, குற்றம் நடந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். ஓடு இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். பள்ளியில் சில தலைமை ஆசிரியர்களிடம் இந்த முறையைப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி பேச எனக்கு வராது.

"வாசல்ல அந்தப் பொண்ணு படம் போட்டிருக்கீங்க. அதைப் பார்த்துப் பிள்ளைங்க சேரப் போறாங்க. படத்துக்கு அவளுக்கு என்ன கொடுத்தீங்க? கேட்டா, கொடுக்கக் கூடாதுன்னு ரூல். சரி. அந்த ரூல் முட்டையைத் தடுத்துது. நெய்ப் பொங்கலை விட்டுது. உடம்புக்கு ஆகறது குத்தம், ஆகாதது பிரசாதம். பைக்கையும் முட்டையையும் ஒரே தராசுல நிறுத்தற ரூல் இது. செவ்வாய்க்கிழமை முட்டை யாருதுன்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க—"

"உக்காருங்க டீச்சர்" என்றார் தண்டபாணி.

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். அங்கே சொற்களுக்கு விளக்கம் இருக்கிறது. நிதானமாகப் படித்தார். வெளியார் என்றால் இந்தக் கல்லூரியின் மாணவரோ, பணியாளரோ, இம்மன்றத்தின் உறுப்பினரோ அல்லாதவர். மன்ற உறுப்பினரின் பதவிக் காலம் எந்த நாளில் சேர்ந்தாலும் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும்.

நான் டிசம்பரில் சேர்ந்தாலும் கணக்கில் ஜூனிலிருந்தே உறுப்பினர். 

"அப்ப செவ்வாய்க்கெழம முட்டை எங்கேர்ந்து வந்துச்சு சார்?" என்றார் மெஸ் மேனேஜர்.

"மன்ற உறுப்பினர் யாராவது குடுத்திருக்கலாம். அது குத்தமில்ல. யாருன்னு கேக்கற வேலை இந்த மன்றத்துக்கு இல்ல."

ஷகிலா கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூரையில் ஒரு பல்லி இருந்தது. புகார் தள்ளுபடி.

வெளியே வந்ததும் தண்டபாணியைப் படிக்கட்டில் மடக்கினேன். கோபமாகத்தான் கேட்டேன். முன்னாலேயே சொல்வதற்கென்ன?

"நான் தினம் விடியறதுக்கு முன்ன வாக்கிங் போறவன் டீச்சர். பால் பையில பால் வர்றதுக்கு முன்னாடி என்ன வருதுன்னு ஆகஸ்ட்லயே பாத்துட்டேன். புகார் வந்ததும் உங்களை உள்ள இழுத்துப் போட்டேன். வாய்விட்டுச் சொன்னா நீங்க நேரா வந்து உண்மையைச் சொல்லிடுவீங்க, அது பதிவாயிடும். அதான் வழக்கம் போல இருங்கன்னு சொன்னேன். முட்டையை நிறுத்துங்கன்னு நான் சொன்னேனா? பொங்கல் போடச் சொன்னேனா?"

விதிப் புத்தகம் படித்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு தந்திரம் செய்ததில் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டேன். விதியில் இருக்கிற இந்த ஓட்டை ஒரு மோனிஷாவுக்குத்தானே போதும்? விடுதியில் இன்னும் ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், வட்டு எறிகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தெருவில் யார் பை மாட்டுவார்கள்?

தண்டபாணி தலையைச் சொறிந்தார். மன்றத்தில் கௌரவ உறுப்பினர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு வரி இருப்பதாக, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பால் பையைப் பற்றி அவர் சொன்னதை அவர் சொன்னதாக மட்டுமே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கௌரவ உறுப்பினர்களாகச் சேர்ந்தவர்கள்: முட்டைக் கடை அன்வர், கோயில் பரமசிவம், கறிக்கடைக்காரர், சர்ச் பாட்டுக் குழுவில் பாதி. அன்வர் பாய் கடையில் "விளையாட்டு மன்ற உறுப்பினர்" என்று எழுதி மாட்டியிருக்கிறார். "இப்ப சொல்லுங்க டீச்சர், தலைக்கா, பொண்ணுக்கா?" என்றார். பாக்கிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

போட்டி சேலத்தில். காலையிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. குழாய்க்காரர் வந்தார், அவரைக் குழாயைப் பார்க்க விடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஷகிலா பேசினார். மேல் எடைப் பிரிவில் மூன்றாம் இடம். இதுவரை அவள் தூக்கியதிலேயே அதிகம். கடைசித் தூக்கலில் கால் நடுங்கியதாம், விடவில்லையாம்.

பிறகு மோனிஷாவே போனை வாங்கினாள். "டீச்சர், அந்த ஒன்றரை கிலோ சும்மா போவல" என்றாள்.  சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இவர் தெருவுக்கெல்லாம் சொல்லப் போய்விட்டார். தபால்காரர் புத்தி.

ஜனவரி 18, சனி

தண்டபாணி வியர்த்துப்போய் வந்தார். அந்த மனை விற்பவரும் கௌரவ உறுப்பினராக வேண்டும் என்று கேட்கிறாராம். ஓட்டை போட்டால் எலி மட்டும் வராமல் இருக்குமா? இதைத்தான் அவர் ஆரம்பத்திலிருந்தே பயந்தார். அந்தப் பயம் நியாயம் என்று நான் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மனைக்காரரை மாலையில் வரச் சொன்னோம். ஷூ, பைக், ஹெல்த் டிரிங்க் என்று அடுக்கினார். ரொம்ப நல்லது என்றேன். முட்டையில் ஆரம்பிக்கலாம், ஒதுக்கீட்டில் இருக்கிற எல்லோருக்கும், முழங்கால் போய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் சேர்த்து. இரண்டே நிபந்தனை. பெயர் வெளியில் வரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

"பேரு வராம எப்பிடிங்க?" என்றார்.

பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே காருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

தண்டபாணி அந்த இடத்திலேயே விதிப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை என்னிடம் நீட்டினார். பெயரும் படமும் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் உணவை யார் தந்தாலும் பெறலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பணத்தையும் பைக்கையும் தடுக்கிற வரியை அப்படியே விட்டேன். அவர் மன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குவார். உறுப்பினர்களில் பாதிப் பேர் முட்டையும் கறியும் பொங்கலும் கேக்கும் கொடுக்கிறவர்கள் என்பதால் தோற்காது.

கடைசி பெஞ்சுப் பெண்ணே, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ. பசிக்காதவர்கள்தான் அந்த ரூலை எழுதுகிறார்கள். அன்றைக்கு உன்னை உட்காரச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜனவரி 20, திங்கள்

பேனரில் படத்தை மாற்றியிருக்கிறார்கள். இப்போது பதக்கத்தோடு மோனிஷா. கன்னம் கொஞ்சம் உப்பித் தெரிகிறது. பரமசிவம் தினமும் அதன் எதிரில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

காலையில் பால் பையை மாட்டப் போனால் இவர் முன்னாலேயே மாட்டியிருந்தார். பை கனமாக இருந்தது.

நான் இல்லாத காலத்தில் இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால், ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஏதாவது கல்லூரி வாசலில் விளையாட்டுப் பிள்ளையின் படத்தைப் பேனரில் பார்த்தால், உள்ளே போய் அந்தப் பிள்ளை இன்று காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.